துரத்திய கரடி எப்போது மேடைக்கு வந்தது?

இவ்வியல் என் நுதலிற்றோ எனின், ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கில நாடக ஏடுகளில் வசனத்துக்கு நடுவே செருகப்பட்டிருக்கும் அரங்கக் குறிப்புகளை வகுத்தும், விரித்தும், இயன்றவரை குழப்பியும் ஆராய்தல் நுதலிற்று. அக்குறிப்புகள் மூவகைப்படும்: வருதல், சத்தம் போடுதல், போதல்.

வருதலில் ஆராய ஒன்றுமில்லை. வருகிறார்கள்.

சத்தம் பலதிறத்தது. சண்டை என்றால் 'அலாரம்'; அரசர் வந்தால் 'ஃபிளரிஷ்' அல்லது 'சென்னெட்' என்று எக்காளம். 'ஆன்டனி அண்ட் கிளியோபாட்ரா'வில் ஒரு குறிப்பு, ஓபோக்காரர்களை மேடைக்கு அடியில் இருந்து வாசிக்கச் சொல்கிறது. ஆன்டனியைக் காத்துவந்த தெய்வம் விட்டுப் போகிறது என்று மேலே காவலர்கள் அரளவேண்டும். அதற்காகக் கீழே சிலர் முதுகு வளைத்து ஊதினார்கள். அந்த முதுகுகளைப் பற்றிய ஆய்வேடு இனிமேல்தான் வரவேண்டும்.

போதல் என்பதே இக்கட்டுரையின் உயிர்நிலை. ஒருவர் போனால் 'எக்சிட்', பலர் போனால் 'எக்சியன்ட்'. லத்தீன் ஒருமை, பன்மை. இவ்விதி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, 'தி வின்டர்ஸ் டேல்' நாடகத்தின் மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சி வரும்வரை. அங்கே ஆன்டிகோனஸ் என்ற பிரபு, பச்சைக்குழந்தையைக் கடற்கரையில் விட்டுவிட்டு, கரடி துரத்த வெளியேறவேண்டும் என்கிறது 1623-இல் அச்சான, ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பு. குறிப்பில் இருப்பது ஒருமை.

அற்றேல், கரடி போகவில்லையா?

போகவில்லை என்பர் ஒருமைவாதிகள். துரத்துவது வேறு, வெளியேறுவது வேறு என்பது அவர்கள் துணிபு. கரடியை உயர்திணையில் சேர்க்காததால்தான் பன்மை வரவில்லை என்பாரும் உளர். மூன்றாமவர் இன்னும் நுட்பமானவர்: அந்தத் தொகுப்பில் கரடி வந்ததாகவே குறிப்பு இல்லை, வராத ஒன்று எப்படிப் போகும் என்கிறார். (காண்க: இன்னும் எழுதப்படாத பெருநூல், தொகுதி இரண்டு, கரையான் அரித்த பக்கம், அதன் அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு, "மேற்படி".) குறிப்பு உள்ளபடியே இல்லைதான். அடுத்த நொடி அதே மேடைக்கு வரும் கிழட்டு இடையன், வேட்டைக்கு வந்த விடலைகள் இரண்டு ஆடுகளை வெருட்டிவிட்டார்கள் என்று புலம்புகிறான், ஓநாய்க்கு அஞ்சுகிறான், கரடியைப் பற்றி மூச்சு விடவில்லை. பிரபுவைக் கரடி தின்றுகொண்டிருக்கும் செய்தியைப் பிறகு அவன் மகன்தான் வந்து சொல்கிறான்.

நிஜக் கரடியா, தோல் போர்த்த நடிகரா என்பது கிளைவிவாதம். நிஜம் என்போருக்கு ஆதாரம் அக்கம்பக்கம்: ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடந்த குளோப் அரங்கம் இருந்த லண்டன் பேங்க்சைடில்தான் கரடிமேல் நாயை ஏவி வேடிக்கை காட்டும் வளையமும் இருந்தது. நாடக முதலாளி ஹென்ஸ்லோவே கரடிக்காட்சித் தொழிலும் நடத்தினார். 1614-இல் நாடகம், கரடி இரண்டுக்கும் பொதுவாக, கழற்றி மாட்டும் மேடையோடு 'ஹோப்' அரங்கைக் கட்டினார். ஆனால் சாய்மன் ஃபோர்மன் என்ற சோதிடர்-வைத்தியர் 1611 மே 15 அன்று குளோப்பில் இந்நாடகத்தைப் பார்த்துக் குறிப்பெழுதினார். அதில் சில்லறைத் திருடன் ஆட்டோலிகஸ் உண்டு, பிச்சைக்காரர் வேடத்தில் வருபவரை நம்பாதே என்ற எச்சரிக்கையும் உண்டு, கரடி இல்லை. காசு கொடுத்துப் பார்த்தவர் மடியைத்தான் கவனிப்பார். கரடியைக் கவனிக்க ஆய்வு உதவித்தொகை வேண்டும்.

விட்டுப்போன ஒன்று. ராபர்ட் கிரீனின் 'அல்ஃபான்சஸ்' நாடகத்தில், 1599-இல் அச்சானது, வீனஸ் தேவி வெளியேறும் இடத்தில் குறிப்பு தணிந்து பேசுகிறது: தேவி போகட்டும், வசதிப்பட்டால் மேலிருந்து நாற்காலி இறக்கித் தூக்கிக்கொள்ளலாம். எல்லாருக்கும் புரிகிற இக்குறிப்பில் கருத்து வேறுபாட்டுக்கு வழியே இல்லாததால், பட்டத்துக்குத் தலைப்பு தேடுவோர் இதைத் தவிர்க்கவும்.