மலையகக் குளிரில் சாரத்தின் வெப்ப இயக்கவியல்: ஒரு முன்னாய்வு

கீழே வாய் திறந்த உடையை இடுப்பில் கட்டிக்கொண்டு குளிரைத் தாங்குவது எப்படி? இந்தக் கேள்வியை உலகம் ஸ்கொட்லாந்துக்காரரிடமே கேட்டுப் பழகிவிட்டது. அதிலும் பெரும்பாலோர் கில்ட்டுக்குள் என்ன போட்டிருக்கிறார்கள் என்ற கிளைக் கேள்வியோடு நின்றுவிடுவதால் மூலக் கேள்வி அநாதையாகக் கிடக்கிறது. நுவரெலியாவில், 1,868 மீற்றர் உயரத்தில், ஒற்றைப் பருத்தித் துணியோடு இதற்கு நாள்தோறும் விடை கண்டுவரும் சாரக்காரரை அறிஞர் உலகம் கவனிக்காதது பெருங்குறை. அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எதிராளியின் பலத்தைப் பார்த்துவிடலாம். முழுக் கில்ட் ஒன்றுக்கு எட்டு யார், அதாவது ஏழு மீற்றருக்கு மேல் கம்பளித் துணி வேண்டும். பின்பக்கம் முழுவதும் கொசுவம். மடிப்புக்கு மடிப்பு காற்று சிறைப்பட்டிருக்கும். முழங்கால் வரை கம்பளிக் காலுறை. நன்றாக ஈரம் குடித்த பிறகும் கம்பளி ஓரளவு சூட்டைக் காக்கும். இத்தனை இருந்தும் 1914–18 போரின் பதுங்குகுழிகளில் சேறு படிந்து உறைந்த கில்ட்டின் விளிம்பு படைவீரரின் முழங்காலை அறுத்தது. சாரத்துக்கோ மொத்தமே இரண்டு மீற்றர் சுற்றளவுதான். பருத்தி, நனைந்தால் சூடு போயே போய்விடும். கணக்குப்படி பார்த்தால் சாரம் முதல் மழையிலேயே தோற்றிருக்க வேண்டும்.

ஸ்கொட்லாந்துக்காரர் இந்த மலைகளுக்கு வராமல் இல்லை. ஜேம்ஸ் டெய்லர் 1852இல் வந்தார். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அவர் நாட்டவர் விட்டுப்போன பெயர்கள் இன்னும் இருக்கின்றன: அக்கரப்பத்தனையில் கிளாஸ்கோவும் பெல்மோரலும், நானுஓயாவில் எடின்பரோ, பூண்டுலோயாவில் டன்சினன். ஊரையே பெயர்த்துக்கொண்டு வந்த பரம்பரை, மலையில் வேலை பார்க்கக் கட்டைக் காற்சட்டைக்கும் நீண்ட காலுறைக்கும் மாறிக்கொண்டது. கில்ட் காட்டும் அதே முழங்கால் இங்கும் வெளியேதான் தெரிந்தது. என்ன, துரை பங்களாவில் கணப்பு எரிந்தது.

திருச்சி, புதுக்கோட்டை, சேலம் வெயிலிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களுக்குக் கிடைத்தது பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, அதாவது லயத்தில் ஓர் அறை. புகைபோக்கி இல்லை. கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளையான மிலாறுதான் விறகு. அதன் சூட்டில் பாதியும் புகையில் முழுவதும் அவர்களுக்கே. தோட்டம் கொடுத்த கறுப்புக் கம்பளி மழைக்குக் கொங்காணி, இரவில் போர்வை. அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள் என்பதையும் வெப்பக் கணக்கில் சேர்த்துக்கொள்வதே முறை.

ஆனால், மலையகத்தின் அசல் கில்ட்டைத் தேடுவோர் ஆண்களைப் பார்ப்பது வீண். கொழுந்தெடுக்கும் பெண்ணின் இடுப்பைப் பார்க்க வேண்டும். சேலைக்கு மேல் படங்கு: முன்பு சணல் சாக்கு, இப்போது பெரும்பாலும் பொலித்தீன். முன்னாலிருந்து பின்னால் சுற்றி, இடுப்பில் கயிற்றால் இறுக்கி, கணுக்காலுக்கு மேல் வரை விடுவார்கள். காலை ஏழரைக்குத் தேயிலைச் செடி ஒவ்வொன்றும் இடுப்பளவு உயரத்தில் பனிநீரை ஏந்தி நிற்கும். நிரையில் இறங்கி நாலு எட்டு வைத்தால் வெறும் சேலை பிழியும் பதத்துக்கு வந்துவிடும். படங்கு அந்த நீரைத் தடுக்கிறது, கிளை கீறாமல் காக்கிறது, காற்றையும் மறிக்கிறது. எட்டு யார் கம்பளியின் வேலையை ஒரு சாக்கு செய்கிறது. அட்டை மட்டும் இதற்குக் கட்டுப்படுவதில்லை. அது கீழேயிருந்து வருகிறது.

இனிச் சாரம். இதன் மேன்மை நிற்கும்போது தெரியாது, குந்தினால்தான் தெரியும். ஹட்டன் பக்கத்து லயமொன்றில் விடியற்காலை இஸ்தோப்பை, அதாவது முன் திண்ணையை, கவனித்தால் செய்முறை விளங்கும். முதலில் குந்துதல். அடுத்து இடுப்பு முடிச்சைத் தளர்த்தி மேல் விளிம்பைக் கழுத்து வரை இழுத்தல். கீழ் விளிம்பு கால்விரல்களின் அடியில் சிக்கிக்கொள்ளும். கைகள் இரண்டும் உள்ளே. வெளியே தெரிவது கம்பளித் தொப்பி போட்ட தலை மட்டும். சாயத்தண்ணி வந்ததும் கழுத்தருகே ஒரு கை எட்டிப்பார்க்கும், தம்ளரை வாங்கி உள்ளே போய்விடும். உடலின் பரப்பைச் சுருக்கு, காற்றை அடை, உள்ளே ஒரு வெப்ப மூலம் வை: பௌதிகப் பாடப் புத்தகம் சொல்வதும் இதுதான். இரவில் அதே குழாய் தலைக்கு மேல் ஏறி உறங்கும் பையாகிறது. கில்ட்டை வைத்து இதைச் செய்ய முயல்பவர் கொசுவத்தோடு மல்லுக்கட்டியே விடியவைப்பார்.

ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்த இரவுகளில் நுவரெலியாவில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். தரையில் உறைபனி விழுந்து தேயிலை கருகுவதும் உண்டு. அப்போது சாரத்துக்கு அடியில் விளையாட்டுக் காற்சட்டை, மேலே ஜேர்சி, காதைச் சுற்றி மப்ளர். காலில் மட்டும் இறப்பர் செருப்பு! இந்தப் பிடிவாதத்துக்கு இக்கட்டுரையிடம் விளக்கமில்லை. அதே ஊரில் 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பிலும் இரவு உணவுக்குக் கோட்டும் டையும் அணிவது மரபு. கழுத்து சூடாக இருந்தால் கால் தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்பது இரு தரப்பாரின் கோட்பாடு போலும்.

தீராத சிக்கல் ஒன்று உண்டு: மோட்டார் சைக்கிள். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் முன்னாலிருந்து வரும் காற்று சாரத்தை வயிறு வரை ஊதிவிடுகிறது. துணியைத் தொடைக்கடியில் செருகி ஓட்டுவோர் ஒரு கட்சி. அடியில் காற்சட்டை போட்டுச் சாரத்தை மடித்துக் கட்டுவோர் மற்றொரு கட்சி. இரண்டிலும் நம்பிக்கை இழந்த மூன்றாவது கட்சி, பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறது.