வரைபடத்தில் ஊர்ப் பெயர் விடுபட்டிருக்கிறது, அய்யா!

அனுப்புநர்:
ஏரிப் பாசன விவசாயி ஒருவர்
(தங்கள் ஆவணத்தின்படி: 'பயனாளி'),
மதுராந்தகம் வட்டம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு திட்ட வடிவமைப்புப் பிரிவு அவர்கள்,
இயற்கைச் சுற்றுலாத் தலங்களில் பார்வையாளர் மையம் கட்டும் அலுவலகம்.
(துறையின் பெயர் அடிக்கடி மாறுவதால் எழுதவில்லை.)

பொருள்: 'சமூகத்துக்குச் சொந்தமான பார்வையாளர் மையம்' – மாதிரி வரைபடம் – கருத்து தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் மாதிரி வரைபடம். எண் இல்லை, நாள் இல்லை, ஊரும் இல்லை.

மதிப்பிற்குரிய அய்யா,

தங்கள் வரைபடத்தைப் பார்த்தோம். வழவழப்பான தாள், நல்ல பச்சை நிறம். ஊர்ப் பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு கோடு போட்டு விட்டிருந்தீர்கள். அருவிக்கும் இதே கட்டடம், மலைக்கும் இதே கட்டடம், அலையாத்திக் காட்டுக்கும் இதே கட்டடம் என்பதால் அந்தக் கோட்டின் அவசியம் எங்களுக்குப் புரிகிறது. சும்மா விடுவானேன் என்று பென்சிலால் 'வேடந்தாங்கல்' என்று நிரப்பி, பக்கம் பக்கமாகப் பொருத்திப் பார்த்தோம். எங்கள் பக்கத்து ஏரி என்பதால் அளவெடுக்க வசதி. முடிவுகளைத் தங்கள் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிக்கிறோம்.

முதல் பக்கத்தில் திட்டத்தின் நோக்கம்: 'கிராம மக்களிடையே பறவைகள் பற்றிய விழிப்புணர்வை ஏற்படுத்துதல்.' மிக்க நன்றி. கொஞ்சம் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இந்த ஏரிப் பறவைகளைச் சுட்டுத் தள்ளியபோது, ஊர் ஜனங்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸ் துரையிடம் போய் முறையிட்டு, 1798இல் பறவைகளுக்குப் பாதுகாப்பாக ஒரு கௌல் (எழுத்துமூல உறுதி) எழுதி வாங்கினார்கள். மதுராந்தகம் ஏரிக்கரையில் வில்லும் கையுமாக நின்ற ராமரைக் கண்டார் என்று எங்கள் பக்கம் கதை சொல்வார்களே, அதே துரைதான். அன்றைக்கு ஊர்க்காரர்களுக்கு விழிப்புணர்வு முகாம் நடத்த யாரும் இல்லாததால், அவர்களே துரைக்கு நடத்தவேண்டியதாயிற்று.

இதை அன்பு, கருணை என்றெல்லாம் பெரிதாக எழுதிவிடாதீர்கள். கணக்கும் உண்டு. தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பிலும் கருவேலத்திலும் ஆயிரக்கணக்கில் பறவைகள் அடைகின்றன. எச்சம் ஏரியில் விழுகிறது. மதகைத் திறந்தால் உரம் கலந்த தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. நத்தைகுத்தி நாரை நெல் வயலில் இறங்கி நத்தையைப் பொறுக்குகிறது. பறவை வந்தால் விளைச்சல் வரும் என்பதுதான் ஊரின் கொள்கை விளக்கக் குறிப்பு. அரசாங்கம் 1936இல் சரணாலயம் என்று ஏற்றுக்கொண்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டரும் சரணாலயத்துக்குள் வந்தது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் பெயர் ஏறியது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருக்கு விழிப்புணர்வு ஏற்பட்டது. ஊருக்கு அல்ல.

இரண்டாம் பக்கம், நுழைவாயில். பூநாரைச் சிலை, இரண்டு ஆள் உயரம், ஃபைபரில். பூநாரைக் கூட்டத்தைப் பார்க்கவேண்டுமானால் பழவேற்காட்டுக்கோ கோடியக்கரைக்கோ போகவேண்டும், அய்யா. இங்கே கூடு கட்டுவது கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், வக்கா போன்றவை. நீர்க்காகம் கறுப்பாக இருப்பதால் நுழைவாயிலுக்கு எடுப்பாக இராது என்று கருதியிருக்கலாம். பக்கத்தில் 'ஐ லவ்' என்று ஆளுயர எழுத்துகள், அதற்கப்புறம் மறுபடியும் ஒரு கோடு. வரைபடத்தில் உலவும் மனிதர்களையும் உற்றுப் பார்த்தோம். பலூன் பிடித்த குழந்தை இருக்கிறது, நாய்க்குட்டியோடு ஓடுகிறவர் இருக்கிறார், லுங்கி கட்டியவர் ஒருவர்கூட இல்லை. வேலை முடிந்த பிறகு எங்களை எங்கே வைப்பதாக உத்தேசம்?

மூன்றாம் பக்கம், ஏரியைப் பார்த்தபடி தரையிலிருந்து கூரைவரை கண்ணாடிச் சுவர். வானமும் மரமும் தண்ணீரும் அதில் அப்படியே தெரியும். பறவைக்கும் அப்படியேதான் தெரியும். நேராக வந்து மோதும். உள்ளே நின்று உயிருள்ள பறவையைக் காட்டலாம், வெளியே குனிந்து செத்த பறவையைக் காட்டலாம். ஒரே செலவில் இரண்டு காட்சிக்கூடம்.

அந்தச் சுவரை நிறுத்தியிருக்கும் இடமும் சிந்திக்க வைக்கிறது. ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள், 2017 என்று தங்களைப் போன்றவர்களே எழுதிய ஒன்று இருக்கிறது. விதிகள் வந்த நாளுக்கு முந்தைய பத்தாண்டுகளின் சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத் துறை நீங்கலாக, நிரந்தரக் கட்டடம் எதுவும் கூடாது என்கிறது. தங்கள் கட்டடம் கரையிலேயே காலை நனைத்துக்கொண்டு நிற்கிறது. ஒருவேளை அதைப் படகாகக் கருதியிருக்கிறீர்களோ? வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து கலங்கல் வழிந்தால் அந்த ஆசையும் நிறைவேறலாம்.

நான்காம் பக்கம், மாலை ஏழு மணிக்கு ஒலி-ஒளிக் காட்சி. மாலையில்தான் பகல் பறவைகள் கூட்டம் கூட்டமாக அடைய வரும். வக்கா இரைதேடப் புறப்படும். வருகிறவர்களையும் புறப்படுகிறவர்களையும் ஒரே விளக்கடியில் நிறுத்தத் தோன்றியது தங்களுக்கு மட்டும்தான். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் பறவைக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளத்தில் வீட்டுப் புழக்கடை மரத்திலேயே பறவைகள் கூடு கட்டுகின்றன. குழந்தைகளின் ஒரு நாள் பட்டாசு ஆசையை ஒரு ஊர் விட்டுக்கொடுத்திருக்கிறது. தாங்கள் ஒலிபெருக்கியை விட்டுக்கொடுக்கக் கூடாதா?

ஐந்தாம் பக்கம், வருமானம். பன்னிரண்டு மாதமும் சம அளவில் சீட்டு விற்பதாகப் போட்டிருக்கிறீர்கள். பறவைகள் நீங்கள் போட்ட அட்டவணையைப் படிக்கவில்லை. மழையில் ஏரி நிரம்பி, நவம்பர் வாக்கில் களை கட்டி, மார்ச் போல ஓய்ந்துவிடும். கோடையில் ஏரி வற்றி வெடித்துக் கிடக்கும். அப்போது குளிர்சாதன அரங்கில் உட்கார்ந்து எதைப் பார்ப்பது? ஐந்து மாதம் வேலை செய்யும் இடத்துக்கு ஐந்து மாதச் செலவில் ஓடுகிற கட்டடம் போதும். அகலமான தாழ்வாரம், ஓட்டுக் கூரை, முன்னால் ஒரு சிமெண்ட் களம். சீசனில் வண்டி நிறுத்தலாம், அறுப்புக் காலத்தில் நெல் காயவைக்கலாம். நெல் காயும் இடத்தில் பார்வையாளர் மையமா என்று முகம் சுளிக்காதீர்கள். அந்த வயல் இல்லாவிட்டால் அந்தப் பறவை இல்லை. பறவைக்கு ஏரி படுக்கை அறைதான்; சாப்பாட்டுக்கு அது சுற்றுவட்ட ஏரிகளுக்கும் வயல்களுக்கும் போகிறது. அதனால்தான் அந்த 5 கிலோமீட்டர். 2020இல் அதை 3 ஆகக் குறைக்க யோசனை எழுந்தபோது அவ்வளவு எதிர்ப்பு கிளம்பியதும் அதனால்தான். தங்கள் மையத்தில் அந்த 5 கிலோமீட்டரைக் காட்டும் ஒரு படம்கூட இல்லை. திறப்பு விழாக் கல்வெட்டுக்கு மட்டும் ஒரு முழுச் சுவர் ஒதுக்கியிருக்கிறீர்கள்.

எல்லாவற்றிலும் தாராளமான தங்கள் பேனா, கழிப்பறை வந்ததும் கஞ்சமாகிவிட்டது. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, கழிவுத் தொட்டி ஏரிப் பக்கம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வந்திறங்கும் பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் ஒரு வகுப்பு வரிசையில் நின்றால் கூழைக்கடா குஞ்சு பொரித்துவிடும். எங்கள் பேராசையை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம்: பூநாரை வேண்டாம், அந்தக் காசுக்குக் கழிப்பறை கட்டுங்கள். பெண்களுக்கு இரட்டிப்பாக. தொட்டியை மேட்டில் வையுங்கள்.

கடைசிப் பக்கத்தில்தான் தலைப்பில் உள்ள 'சமூகம்' வருகிறது. பெருக்கித் துடைக்க, வண்டிக்குச் சீட்டுக் கிழிக்க, சோளம் அவித்து விற்க. நிர்வாகக் குழுவில் தலைவர் பதவி வழியில் ஓர் அதிகாரி, செயலர் பதவி வழியில் ஓர் அதிகாரி. ஊருக்கு 'சிறப்பு அழைப்பாளர்' நாற்காலி இரண்டு. கட்டணம் நிர்ணயிப்பதும், கணக்கு வைப்பதும், கூட்டம் தாங்காத நாளில் கதவை மூடுவதும் தலைவர் கையில். மோட்டார் ரிப்பேரானால் மட்டும் 'சமூகம் பராமரித்துக்கொள்ளும்'. பெட்டிச்சாவி உங்களிடம், துடைப்பம் எங்களிடம் என்றால் இதற்குச் சொந்தக்காரர் யார் அய்யா? மக்களைக் கலந்தாலோசித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். நடவு நாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டு, சமோசா கொடுத்து, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கினீர்கள். அந்தத் தாள் ஒப்புதல் கடிதமாகப் பின்னிணைப்பில் இருப்பதைக் கண்டோம். சமோசா நன்றாக இருந்தது.

இந்தத் திட்டத்துக்கு வெளிநாட்டுப் பயணம் தவிர்க்கமுடியாதது என்றால், ஆஸ்திரேலியாவின் உலுருவுக்குப் போய்வாருங்கள். அந்தப் பாறை நிலத்தை 1985இல் அதன் பூர்வகுடிகளான அனங்கு மக்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் அதைத் தேசியப் பூங்காவுக்காக 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். அரசாங்கம் குத்தகைதாரர்! 1995இல் திறந்த அங்குள்ள கலாச்சார மையத்தை வடிவமைத்தவர் கிரெகரி பர்ஜெஸ். அனங்கு மக்களோடு உட்கார்ந்து, அவர்கள் மணலில் வரைந்து காட்டியதிலிருந்து ஆரம்பித்தார். அவர்களுடைய கதைகளில் வரும் இரண்டு பாம்புகளாகக் கட்டடம் வளைந்து கிடக்கிறது. சுவர் அந்த ஊர் மண்கல். அங்கே தாங்கள் முக்கியமாகப் பார்க்கவேண்டியது கட்டடத்தை அல்ல. பாறைமேல் ஏறுவதற்காகவே ஜனம் திரண்டு வந்த இடம் அது. அனங்கு மக்கள் பெரும்பான்மையாக உள்ள பூங்கா வாரியம் 2017இல் 'போதும்' என்று முடிவெடுத்தது. 2019 அக்டோபர் 26 முதல் ஏறக்கூடாது. சீட்டு வருமானம் என்னாகும் என்று பயந்து பின்வாங்கவில்லை.

நிதி போதாது என்றால் ஒடிசா வரை போகலாம். சிலிகா ஏரிக்கரை மங்களஜோடி, பறவை வேட்டைக்குப் பேர்போன ஊர். அந்த வேட்டைக்காரர்களே இன்று காவலர்கள், படகில் ஆளை ஏற்றிப் பறவை காட்டும் வழிகாட்டிகள். அங்கே போகிறவர் எந்தக் கண்ணாடிச் சுவரையும் தேடுவதில்லை. எந்தப் பறவை எந்தப் புல்லுக்குள் இருக்கும் என்று தெரிந்த மனிதரைத் தேடுகிறார்.

குறை மட்டும் சொல்லி மனு முடிக்கக் கூடாதல்லவா? எங்கள் வரைபடம் இதோ. தாள் மிச்சம்.

1. மையம் ஏரிக்கரையில் வேண்டாம், ஊருக்குள் வரட்டும். பூட்டிக் கிடக்கும் பழைய பொதுக் கட்டடம் ஏதாவது இருந்தால் அதைச் செப்பனிட்டாலே போதும். வருகிறவர்கள் டீக்கடை, இட்லிக் கடை, கோயில், களம் எல்லாம் கடந்து நடந்து ஏரிக்கு வரட்டும். பத்துப் பேர் பையில் பத்துப் பத்து ரூபாய் விழும். கரையில் இரைச்சலும் குறையும்.

2. சொந்தம் என்றால் பத்திரத்தில் இருக்கட்டும். நிலமும் கட்டடமும் ஊராட்சி பெயரில். நடத்துவது ஊர்க்காரர்கள் பெரும்பான்மையாக உள்ள பதிவு பெற்ற சங்கம். அதில் மகளிர் குழுக்களுக்குச் சரிபாதி. வரவு செலவு கிராம சபையில் வாசிக்கப்படவேண்டும்.

3. கட்டுமானக் காசில் ஒரு பங்கைத் தொடாமல் வங்கியில் போடுங்கள். குழாய் உடைந்தால் அதன் வட்டியிலிருந்து மாற்றிக்கொள்கிறோம். பறவைக்காகத் தண்ணீரைத் தேக்கி வைத்துக் கடைமடை வயல் காய்ந்தால், அந்த விவசாயிக்கும் சீட்டுக் காசில் பங்கு வேண்டும்.

4. உள்ளே பேசும் திரை வேண்டாம், பேசும் ஆள் போதும். பல்லுயிர்ச் சட்டம் 2002இன்படி ஊராட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்கவேண்டும். அது அலமாரியில் தூங்குவதற்குப் பதில் மேசைமேல் இருக்கட்டும். வருகிறவர் புரட்டிப் பார்க்கட்டும். ஊர்ப் பெரியவர் திருத்தட்டும்.

5. கூடு கட்டும் காலத்தில் எந்தப் பக்கத்துக் கரையை அடைப்பது, ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்பதை ஊர்ச் சங்கமும் வனத்துறையும் கலந்து முடிவு செய்யட்டும். முக்கியப் பிரமுகர் வந்தாலும் அதே கணக்கு.

நிறைவாக, தங்கள் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு ஷரத்தைச் சேர்க்கவேண்டும்: கிராம சபை இந்தத் திட்டத்தை மாற்றலாம், ஒத்திப்போடலாம், மறுக்கலாம். மறுக்க முடியாத பொருளை யாரும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்வதில்லை. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஏதாவதொரு நாள் வரைபடத்தோடு வாருங்கள். நாங்கள் பேசுகிறோம், தாங்கள் வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுங்கள். ஒருவேளை சபை 'எதுவும் கட்ட வேண்டாம், வரத்துக் கால்வாயைத் தூர்வாரிக் கொடுத்தால் போதும்' என்று தீர்மானம் போட்டால், அதையும் ஒரு முழுமையான வடிவமைப்பாக ஏற்று, ஆலோசனைக் கட்டணத்தைக் குறைவின்றிப் பெற்றுக்கொள்ளுங்கள். எங்களால் ஒரு ஆலோசகருக்கு நஷ்டம் என்ற பேர் ஊருக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சிறப்பு அழைப்பாளர் நாற்காலியை மரியாதையுடன் திருப்பி அனுப்பும்
ஏரிப் பாசன விவசாயி.

இணைப்பு: மேற்படி நாற்காலி (ஒன்று). மற்றொன்றை டீக்கடையில் பயன்படுத்திக்கொள்கிறோம்.