கம்பஸ் படிப்பும் கவரேஜும்: வன்னி வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சூமில் லெக்சர் நடக்கும்போது பாதியில் அறுந்து போகுது. ரீலோட் போட்டே காசு முடியுது. என்ன செய்யலாம்?
(இரண்டாம் வருட மாணவி, ஒட்டுசுட்டான்)

பதில்: முதலில் உங்கள் படத்தை நிறுத்துங்கள். பிறகு விரிவுரையாளரிடம் அவருடைய படத்தையும் நிறுத்தச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள். சூம் நிறுவனம் தரும் கணக்குப்படி குரலுக்கு மட்டும் விநாடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும். 720 பி தரத்தில் படம் வருவதற்கு 1.2 மெகாபிட் வேண்டும். மணித்தியாலக் கணக்கில் பார்த்தால் குரல் அதிகபட்சம் 36 எம்பி, படம் 540 எம்பி. ஒரு லெக்சரில் சேரின் முகத்தைப் பார்க்கும் செலவில் 15 லெக்சரைக் காதால் கேட்டுவிடலாம். ஸ்லைடை முதல் நாளே இறக்கி வைத்துக்கொண்டு குரலை மட்டும் கேளுங்கள். இரண்டு பார் சிக்னலுக்கு அது தாங்கும்.

கேள்வி: கொரோனாக் காலத்தில் டேட்டாக் காசு இல்லாமலே கம்பஸ் படிப்பு நடந்தது என்று அக்கா சொல்லுறா. நம்பலாமா?
(முதலாம் வருட மாணவன், பரந்தன்)

பதில்: தாராளமாக நம்பலாம். 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, லேர்ன் எனப்படும் இலங்கைக் கல்வி ஆய்வு வலையமைப்பும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும், தொலைபேசி நிறுவனங்களும் சேர்ந்து ஒரு நல்ல காரியம் செய்தன. பல்கலைக்கழக இணையத் தளங்களுக்கும், லேர்ன் வழியாக நடந்த சூம் வகுப்புகளுக்கும் மாணவரிடம் டேட்டாக் கட்டணம் எடுக்கவில்லை. பணக்கார நாடுகள் பலவற்றுக்கும் வராத யோசனை அது.

அதில் ஒரு ஓட்டை இருந்தது. லெக்சரைப் பதிவு செய்து பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றினால் மாணவருக்குச் செலவு இருக்கவில்லை. அதே பதிவை யூடியூபில் போட்டு லிங்கை அனுப்பினால் முழுச் செலவும் மாணவர் தலையில் விழுந்தது. நல்லெண்ணத்தோடு யூடியூபில் போட்ட விரிவுரையாளர் பலருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்கவில்லை. அவர்களுக்கு இப்படியானதை எடுத்துச் சொல்ல ஒவ்வொரு பீடத்திலும் ஓர் ஆள் வேண்டும். தொழில்நுட்ப உதவி என்பது இதுதான். கட்டணமில்லாத அந்த டேட்டாச் சலுகை நெருக்கடிக் காலத்தோடு முடிய வேண்டியதல்ல, நிரந்தரமாக இருக்க வேண்டியது. மாணவர் ஒன்றியங்கள் அதை எழுத்தில் கேட்க வேண்டும்.

கேள்வி: மூடில் மூடில் என்று எல்லாக் கம்பஸிலும் சொல்லுகினம். அது யார் செய்தது?
(உயர்தர மாணவி, முள்ளியவளை)

பதில்: இணையவழிப் பாடங்களை நடத்தும் அந்த மென்பொருளைச் செய்தவர் மார்ட்டின் டூகியாமஸ் என்ற அவுஸ்திரேலியர். முதற் பதிப்பு 2002 இல் வெளிவந்தது. இவர் சிறுவனாக வளர்ந்தது மேற்கு அவுஸ்திரேலியப் பாலைவனத்தில். பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லை. சிற்றலை வானொலியில்தான் பாடம் கேட்டார். தூரத்தில் இருந்து படித்த பிள்ளை, தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்காகச் செய்த மென்பொருள் அது. இலவசம், யாரும் எடுத்து மாற்றியமைக்கலாம். கொக்கிளாயில் இருந்து படிக்கும் பிள்ளை தனக்கு உரிமையில்லாத ஒன்றைப் பாவிப்பதாக நினைக்க வேண்டாம். உங்களைப் போன்றவர்களுக்காகவே அது உருவானது.

கேள்வி: நோட்ஸை மூடிலில் ஏற்றிவிடுகிறேன். பிள்ளைகள் திறந்தும் பார்ப்பதில்லை. இவர்களுக்கு ஆர்வமே இல்லையா?
(விரிவுரையாளர், வவுனியா)

பதில்: ஏற்றிய கோப்பின் அளவை ஒரு முறை பாருங்கள். பழைய கையெழுத்து நோட்ஸை போனில் படம் பிடித்துச் சேர்த்த பிடிஎஃப் என்றால் 80 எம்பி கூட இருக்கும். நெடுங்கேணியில் இருக்கும் பிள்ளை அதைத் தொட்டுவிட்டு, வட்டம் சுற்றிச் சுற்றி நின்றதும் விட்டுவிடும். அதே நோட்ஸைத் தட்டெழுதினால் அரை எம்பி வராது. தட்டெழுத நேரமில்லையா? ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளையாக எடுத்து, அதிகாரம் அதிகாரமாகப் பிரித்து ஏற்றுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை எம்பி என்று எழுதிவிடுங்கள். பிறகும் திறக்கவில்லை என்றால் ஆர்வத்தைப் பற்றிப் பேசலாம்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் தளத்தைக் கம்பஸ் வைஃபையில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். வைஃபையை நிறுத்தி, மலிவான ஒரு போனில், இரண்டு பார் சிக்னலில் திறந்து பாருங்கள். உங்கள் மாணவர் தினமும் படும் பாடு தெரியும்.

கேள்வி: தமிழில் போட்ட அறிவித்தல் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருது. வைரஸா?
(மாணவன், செட்டிகுளம்)

பதில்: வைரஸ் இல்லை, பாமினி. பழைய எழுத்துருவில் தட்டெழுதிய பக்கம். அந்த எழுத்துரு இல்லாத போனில் அதன் அடியிலுள்ள ஆங்கிலக் குறிகள்தான் தெரியும். யுனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசத் தளங்கள் நிறைய உண்டு. இரண்டு நிமிட வேலை. அலுவலகங்கள் இனியாவது பாமினியை அச்சகத்துக்கு விட்டுவிட வேண்டும்.

கேள்வி: நான் கணினிப் பிரிவில் போதனாசிரியர். இரவு 11 மணிக்கும் அழைப்பு வருது: பாஸ்வேர்ட் மறந்துபோச்சு, ஒப்படை ஏறுதில்லை, குவிஸ் மூடிட்டுது. எடுக்காவிட்டால் மனது கேட்காது. எடுத்தால் என் வீட்டில் சண்டை. என்ன வழி?
(கிளிநொச்சி)

பதில்: உங்கள் கடிதத்துக்குத்தான் இந்த வாரம் அதிக இடம் கொடுக்க விரும்புகிறேன். இணையவழிக் கல்வியைத் தாங்கி நிற்பது உங்களைப் போன்றவர்கள். பட்டமளிப்பு விழாவில் உங்கள் பெயரை யாரும் சொல்வதில்லை.

ஒரு மாதத்துக்கு வரும் அழைப்புகளை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்: யார், என்ன, எத்தனை மணிக்கு. மாத முடிவில் பாருங்கள். பாதிக்கு மேல் இரண்டு மூன்று கேள்விகளே திரும்பத் திரும்ப வந்திருக்கும். பாஸ்வேர்ட் அதில் நிச்சயம் முதலாவது. அதன் காரணத்தையும் தேடுங்கள். பல இடங்களில் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் பல்கலைக்கழக மின்னஞ்சலுக்குப் போகிறது. மாணவன் அந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டையும் மறந்திருப்பான். பூட்டின் சாவியைப் பூட்டிய அறைக்குள்ளேயே வைத்த கதை. புதுமுக மாணவர் வந்த முதல் வாரமே மாற்று மின்னஞ்சலும் போன் இலக்கமும் பதிந்துவிட்டால் அந்த அழைப்புகளில் பெரும் பகுதி நின்றுவிடும்.

அடுத்தது ஒப்படை நேரம். ஞாயிறு இரவு 11.59 என்று முடிவு நேரம் வைப்பவர் யார்? விரிவுரையாளர். அந்த நேரத்தில் விழித்திருக்க வேண்டியவர் யார்? நீங்கள். முடிவு நேரத்தை வேலைநாள் பகல் 12 மணிக்கு மாற்றும்படி பீடச் சபையில் கேளுங்கள். ஏதாவது பிழைத்தால் அலுவலகத்தில் ஆள் இருக்கும், தொலைபேசியை யாராவது எடுப்பார்கள். இதற்கு ஒரு சதம் செலவில்லை. இந்த ஒரு மாற்றம் உங்கள் இரவுகளில் பாதியைத் திருப்பித் தரும் என்று உறுதியாகச் சொல்வேன்.

மூன்றாவது, ஒரு பக்க வழிகாட்டி. உள்நுழைவது எப்படி, ஒப்படை ஏற்றுவது எப்படி, அறுந்தால் என்ன செய்வது என்பது மட்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கட்டும். வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பம்பைமடுவிலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் மாத்தறைப் பிள்ளையும் மட்டக்களப்புப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பாடம் படிக்கலாம். பதற்றத்தில் தாய்மொழிதான் கை கொடுக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு பீடத்துக்கு நீங்கள் ஒருவர்தான் என்றால், அது உங்கள் பிழையல்ல. அந்தக் கொப்பியை அப்படியே பதிவாளரிடம் கொடுங்கள். ஆளணி கேட்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

கேள்வி: குவிஸ் எழுதிக்கொண்டிருக்க கரண்ட் போய்விட்டது. பூச்சியம் போட்டுவிட்டார்கள். நியாயமா?
(மாணவி, பூநகரி)

பதில்: இல்லை. நீங்கள் எழுதிய விடைகளை மூடில் வழக்கமாக நிமிடத்துக்கு ஒரு முறை தானாகவே சேமிக்கிறது. எந்த நேரத்தில் நுழைந்தீர்கள், கடைசியாக எப்போது இணைப்பில் இருந்தீர்கள் என்பதும் பதிவில் நிற்கும். அந்தப் பதிவைப் பார்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். உங்களுக்கு மட்டும் நேரம் நீட்டித் தர அதில் வசதி உண்டு. விரிவுரையாளருக்கு ஐந்து நிமிட வேலை. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எல்லோரும் அனுபவித்தோம். மின் போனால் என்ன விதி என்பதைப் பரீட்சைக்கு முன்பே எழுதி வைக்காத பாடத்தில் இணையவழிக் குவிஸ் வைக்கவே கூடாது என்பது என் கருத்து. நேர எல்லை இல்லாத சிறிய குவிஸ் என்றால், மூடில் செயலியில் இறக்கி, இணைப்பு இல்லாமலே எழுதி, பிறகு அனுப்பும் வசதியும் உண்டு. விரிவுரையாளர் அதற்கு அனுமதி போட்டிருக்க வேண்டும்.

கேள்வி: மகன் எந்த நேரமும் போனோடுதான். படிக்கிறானா விளையாடுகிறானா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்.
(ஒரு தாய், மல்லாவி)

பதில்: அம்மா, போனைப் பறித்துப் பார்க்க வேண்டாம். இரவுச் சாப்பாட்டின்போது "இண்டைக்கு என்ன படிச்சனி, எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு" என்று கேளுங்கள். படித்த பிள்ளை திக்கித் திக்கியாவது சொல்லும். உங்களுக்கு விளங்கச் சொல்ல முயல்வதே அவனுக்குப் பெரிய படிப்பு. எட்டாம் வகுப்போடு நின்றவர் கேட்கும் கேள்விதான் பிள்ளையை நன்றாக யோசிக்க வைக்கும்.

கேள்வி: கண்பார்வை இல்லாத நண்பன் எங்களோடு படிக்கிறான். ஒன்லைன் அவனுக்கு உதவுமா?
(மாணவர்கள், வவுனியா)

பதில்: நிறையவே உதவும், நோட்ஸ் எழுத்தாக இருந்தால். என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம். பார்வையற்ற அவுஸ்திரேலிய இளைஞர் மைக்கல் கரன் 2006 இல் தொடங்கி, பார்வையற்ற இன்னொருவரான ஜேம்ஸ் டேயோடு சேர்ந்து வளர்த்தது. தமிழும் வாசிக்கும். ஆனால் படம் பிடித்துப் போட்ட பிடிஎஃப்பை அதனால் அப்படியே வாசிக்க முடியாது. அதற்கு அது வெறும் படம். மேலே வவுனியா விரிவுரையாளருக்குச் சொன்ன பதிலை இதற்காகவும் ஒரு முறை வாசியுங்கள். போர் கண்ணையும் காதையும் பறித்த மண்ணில், நோட்ஸை எழுத்தாகத் தருவதை ஒரு சலுகையாக யாரும் பேசக்கூடாது. இடைக்காலத்தில் நீங்கள் நண்பர்கள் ஆளுக்கொரு அதிகாரமாகத் தட்டெழுதிக் கொடுங்கள். உங்களுக்கும் பாடம் மனதில் நிற்கும்.

கேள்வி: விவசாய பீடப் படிப்பையும் ஒன்லைனில் நடத்த முடியுமா?
(விவசாயி, அக்கராயன்)

பதில்: கொள்கைப் பாடத்தை நடத்தலாம். மண்ணைத் தொட்டுப் பார்ப்பதை நடத்த முடியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990 இல் கிளிநொச்சியில்தான் தொடங்கியது. போர் அதை இடம்பெயர வைத்தது. போர் முடிந்த பிறகு திரும்பி வந்து அறிவியல் நகரில் நிற்கிறது. அத்தனை பாடுபட்டுத் திரும்பியதே இந்த மண்ணுக்கும் குளத்துக்கும் பக்கத்தில் இருப்பதற்காக. ஒன்லைன் செய்ய வேண்டியது, வகுப்பறை நேரத்தைக் குறைத்து வயல் நேரத்தைக் கூட்டுவது.

கேள்வி: ஸ்டார்லிங்க் வந்துவிட்டதே. இனிப் பிரச்சினை தீர்ந்ததா?
(கடைக்காரர், மாங்குளம்)

பதில்: 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்தது. கோபுரம் எட்டாத கிராமத்துக்கும் அதனால் இணையம் போகும், நல்லது. ஆனால் கூலிவேலை செய்யும் குடும்பம் வாங்கும் விலையில் அது இல்லை. தனி வீட்டுக்கு வாங்க முடியாததை ஊர் நூலகத்துக்கு வாங்கலாம். பிரதேச சபை நூலகத்தில் ஒரு மேசை, ஒரு பிளக், நல்ல வைஃபை, மாலை ஏழு மணி வரை திறந்த கதவு, பெண்பிள்ளைகள் பயமின்றிப் போய்வர ஒரு வெளிச்சம். 2005 இல் தொடங்கிய நெனசல என்ற ஊர் இணைய நிலையங்கள் இந்த எண்ணத்தில் வந்தவைதான்.

கேள்வி: நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டுக் கம்பஸ் போனோம். இந்தப் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு தாங்கல்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுக்குடியிருப்பு)

பதில்: ஐயா, அந்த விளக்கை நாம் விரும்பி ஏற்றவில்லை. போர்க்காலத்தில் மண்ணெண்ணெய்க்குத் தடை இருந்ததால் ஏற்றினோம். அன்று எத்தனை பேர் அந்த வெளிச்சத்திலும் படிக்க முடியாமல் நின்றுவிட்டார்கள் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். அவர்கள் உங்கள் வகுப்பில் இருந்தவர்கள். தப்பி வந்தவர்களை வைத்துக் கஷ்டம் நல்லது என்று சொல்லிவிடக் கூடாது. 2021 இல் ஊவா மாகாணத்தின் போகிட்டியாவையில் சிங்களப் பிள்ளைகள் சிக்னலுக்காகப் பாறையில் ஏறினார்கள். உலகப் பத்திரிகைகளில் படம் வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது ஒரு கோபுரம்.

கேள்வி: துணைவேந்தரிடம் ஒரே ஒரு விஷயம் கேட்கலாம் என்றால் எதைக் கேட்பீர்கள்?
(மாணவர், ஓமந்தை)

பதில்: கணினியும் கட்டடமும் கேட்க மாட்டேன். ஒவ்வொரு பீடத்துக்கும் இணையவழிக் கல்வி உதவிக்கென்று நிரந்தரப் பதவியில் இரண்டு பேரைக் கேட்பேன். அவர்களில் ஒருவராவது தமிழும் சிங்களமும் பேச வேண்டும். வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது. தன் ஆளணியைத் தானே திட்டமிடும் இளம் பல்கலைக்கழகம் இதில் முன்மாதிரி காட்டலாம்.

வாசகர்களே, உங்கள் ஊரில் எந்த இடத்தில், எந்த நிறுவனத்தின் சிக்னல், எந்த நேரத்தில் விழுகிறது என்று கிராமப் பெயரோடு எழுதி அனுப்புங்கள். சேர்த்துத் தொகுத்து ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு அனுப்புவோம்.