பத்து சதவீதக் கஷாயம்

டிசம்பர் வந்தால் பெல்ஜியத்தில் பியருக்கும் ஸ்வெட்டர் மாட்டிவிடுகிறார்கள். கறுத்த நிறம், பழுப்பு நுரை, உள்ளே கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல், சில ஆலைகளின் சரக்கில் அன்னாசிப்பூவும் அதிமதுரமும். பட்டியலைப் பார்த்தால் சளிக்குப் பாட்டி போட்ட கஷாயம்தான். ஆனால் பாட்டி கஷாயத்தில் பத்து சதவீத ஆல்கஹால் கிடையாது, நாம் அறிந்தவரை.

வாட்டூ கிராமத்து செயின்ட் பெர்னார்டஸ் கிறிஸ்துமஸ் ஏல் அந்தப் பத்துதான். 'ஸ்டில்லே நாக்ட்' என்று இன்னொன்று, 12 சதவீதம். பெயருக்கு அமைதியான இரவு என்று பொருள். இரண்டு பாட்டில் முடித்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அமைதியின் லட்சணம் தெரியும்.

இதைக் குடிக்கிறேன் என்று சொல்லக் கூடாது. 'சுவைக்கிறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். குண்டு வயிற்றுக் கோப்பையைச் சாய்த்து, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, "உலர்ந்த அத்தி... பழைய தோல் நாற்காலி..." என்று முனக வேண்டும். சுவை நிபுணர் நாற்காலியை எப்போது கடித்தார் என்று கேட்டால் நாகரிகமில்லாதவன் ஆகிவிடுவோம். "கிராம்பு ஒரு பிடி தூக்கல்" என்றும் தீர்ப்பு வரும். பல சமயம் கிராம்பே போட்டிருக்க மாட்டார்கள். அந்த வாசனை ஈஸ்ட் நொதிக்கும்போது தானாக உண்டாக்குவது. சமையற்காரர் ஈஸ்ட், பாராட்டு மசாலா டப்பாவுக்கு.

நிபுணரின் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தேன். முதல் கோப்பைக்கு முக்கால் பக்கம். மூன்றாவதற்கு, கோணலான எழுத்தில், "நல்லாருக்கு."