பாட்டுக்கு அரைப்பேர் போட முடியாது

கேள்வி: தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் பாடிய பாட்டால் சம்பளம் ஒரு சதமாவது கூடியதா? (வாசகர், ஹட்டன்)

பதில்: கூடவில்லை. இலங்கைத் தோட்டங்களில் ஆண், பெண் நாட்சம்பளம் சமமானது 1984இல். அதற்கு வேலைநிறுத்தம் வேண்டியிருந்தது. ஆனால் பாட்டுக்கு வேறு பயன் உண்டு. கொழுந்து நிறை குறைந்ததென்று அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடும் கணக்கப்பிள்ளையை நேரில் ஏசினால் மறுநாள் வேலை இருக்காது. அதையே மலையில் கொழுந்து கிள்ளியபடி நாலு பேர் சேர்ந்து ராகம் போட்டுப் பாடினால் யார் மேல் குற்றம் சாட்டுவது? பாவம், அவரும் கேட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும். ‘இது வெறும் புலம்பல், போராட்டமா?’ என்பீர்கள். தோட்டத் தொழிற்சங்கவாதி மீனாட்சியம்மாள் நடேசய்யர் அப்படி நினைக்கவில்லை. தொழிற்சங்கக் கூட்டங்களில் கோரிக்கைகளைப் பாட்டாகவே பாடினார். 1940இல் அச்சிலும் ஏற்றினார். துண்டுப்பிரசுரம் படிக்கத் தெரியாத பெண்ணும் பாட்டைத் தன் லயத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். தோட்டத் துரை அதைப் பறிமுதல் செய்யவும் முடியாது.