முகம் தெரிய வேண்டி விண்ணப்பம்

பெறுநர்: மேலாளர் அவர்கள், மடிக்கணினி மூடியை மெலியவைக்கும் பிரிவு.

பொருள்: கேமராவுக்கு இடம் ஒதுக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

தங்கள் மடிக்கணினியின் மூடி இந்த ஆண்டு இன்னும் மெலிந்துவிட்டதாக விளம்பரத்தில் பார்த்து மகிழ்ந்தேன். அவசரத்துக்கு வெங்காயம் நறுக்கலாம். முகம் பார்த்துப் பேசத்தான் முடியவில்லை.

லென்சுக்கும் சென்சாருக்கும் நடுவே இடைவெளி வேண்டும், சென்சார் பெரிதானால் இடைவெளியும் கூடும் என்பது தாங்கள் அறியாததல்ல. செல்போன்காரர்கள் அதற்காக வெட்கப்படாமல் முதுகைப் புடைக்கவிட்டார்கள். தாங்களோ சில மில்லிமீட்டர் மூடிக்குள் கடுகளவு சென்சாரைச் செருகிவிட்டு, அழகு என்கிறீர்கள்.

இந்த அழகுக்கு வரலாறும் உண்டு. 2015இல் டெல் எக்ஸ்பிஎஸ் 13இன் திரை விளிம்பைச் சுருக்கியபோது கேமரா திரைக்கு அடியில் போய் உட்கார்ந்தது. பேசுகிறவரின் மூக்குத் துவாரம்தான் எதிரிலிருப்பவருக்குத் தரிசனம். கேமரா மேலே திரும்ப 2019 ஆயிற்று. 2018இல் ஹுவாவே, மேட்புக் எக்ஸ் ப்ரோவின் விசைப்பலகையில் ஒரு பொத்தானாகவே கேமராவை ஒளித்துவைத்தது. அமுக்கினால் எழுந்து தாடையைக் காட்டும். பேசிக்கொண்டே தட்டச்சு செய்தால் விரல்கள் பூதாகாரமாகக் குறுக்கே நடக்கும். 2020இல் ஊரே வீட்டுக்குள் அடைந்து திரை வழியே முகம் பார்த்தபோதும், லட்ச ரூபாய் மடிக்கணினிகள் பலவற்றில் இருந்தது 720பி கேமராதான். தனியாக வாங்கிச் செருகும் கேமராவில் 1080பி 2012லேயே வந்துவிட்டது.

பகலில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் நான் மனிதன். இரவில் புள்ளிக்கோலம். விளக்குக்கு வரும் நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவோ 60 ஹெர்ட்ஸ் ஊரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, பூசாத பட்டையை என் நெற்றியில் ஓட்டுகிறது. அமைப்புக்குள் போய் மாற்றலாம்தான், அந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்.

சரி, வெளிக் கேமரா வாங்கிக்கொள் என்பீர்கள். வாங்கினேன். மெலிந்த மூடியில் அதன் பிடி நிற்கவில்லை. நின்றால் கனம் தாங்காமல் மூடியே பின்னால் சாய்கிறது. அதன் வயர் பழைய யுஎஸ்பி. பக்கவாட்டில் அதற்குத் துளை இல்லை, அதுவும் மெலிவுக்குப் பலி. ஆகவே ஒரு ஹப். மூடியை நம்பாமல் கேமராவை மேசை ஓரத்தில் ஒரு ஸ்டாண்டில் நிறுத்திச் சிரித்தேன். செயலியோ இன்னும் உள் கேமராவையே பிடித்துக்கொண்டு என் காதை ஒளிபரப்பிக்கொண்டிருந்தது.

கண் மட்டத்துக்கு வர இப்போது கணினியை அகராதிகள் மேல் ஏற்றிவைத்திருக்கிறேன். அகராதி, ஹப், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் தங்கள் மெலிவின் தடிமன் ஒரு முழம்.

எனவே மூடியை மூன்று மில்லிமீட்டர் பருக்கவிடுமாறு கோருகிறேன். பதிலைக் காணொளி அழைப்பில் தருவதானால், தங்கள் தயாரிப்பின் சொந்தக் கேமராவிலேயே, இரவு எட்டு மணிக்கு மேல், டியூப்லைட் வெளிச்சத்தில் வரவும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளன் (படத்தில் இடதுபுறம் தெரியும் காது)