நீச்சலுடைக்கு அளவெடுத்த தழும்பு

தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டியெடுக்கும் 'டம்மி டக்' அறுவைசிகிச்சை செய்துகொள்ளப் போகிறவரிடம் பல சர்ஜன்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்: பிடித்த உள்ளாடையையோ நீச்சலுடையையோ கையோடு கொண்டுவாருங்கள். போட்டு நிற்கவைத்து, விளிம்புக்குள் அடங்கும்படி மார்க்கர் பேனாவால் ஒரு கோடு. வெட்டு அங்கேதான். அரசியல் சாசனம் எழுதியவர்கள்கூட இவ்வளவு தொலைநோக்கோடு கோடு கிழித்திருக்க மாட்டார்கள்.

கோடு ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை போகும். 'மினி' என்றால் நீளம் குறைவு. ஆனால் தொப்புளுக்கு மேலே தொங்குவதை அது கண்டுகொள்ளாது. ஏகத்துக்கும் எடை இறக்கியவர்களில் சிலருக்கு நெடுக்காக இன்னொரு கோடு இலவச இணைப்பு. முழு சிகிச்சையில் தொப்புளுக்குப் புது வாசல் திறப்பார்கள். வாஸ்து பார்ப்பதில்லை, அதுதான் குறை.

பிறகு தழும்புக்கு ராஜ உபசாரம்: சிலிகான் பட்டை, பேப்பர் டேப், வெயிலே படாத வாழ்க்கை. நிறம் மங்க ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஆகலாம்.

தழும்பு நிரந்தரம், ஃபேஷன் அப்படியா? 2000களில் 'லோ ரைஸ்' ஜீன்ஸ் சரசரவென்று கீழே இறங்கியது. பொறுப்புள்ள அரசுகள் நீச்சலுடையின் உயரத்தைச் சட்டத்தில் எழுதி, மீறும் டிசைனரிடம் நஷ்டஈடு வசூலிப்பதே நியாயம்.

நல்லவேளை, இடுப்புக்கு மேலேறும் 'ஹை வெய்ஸ்ட்' மறுபடி வந்துவிட்டது. தழும்பை அருமையாக மறைக்கிறது. வெட்டாத தொப்பையையும்தான்.